இருபதாம் பிரிவு எந்த ஆண்டுப் பிரிவு?

சட்டம் படிக்க இந்த மாதம் ஒரு புது அணி வந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நூலக வாசலில் இரண்டு பிள்ளைகள் நின்று, உள்ளே போவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, கடைசியில் படியேறாமலே கன்ரீன் பக்கம் திரும்பிவிட்டார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வருடத்துக்கு முன்னர் அதே படியில் நின்று அதே மாதிரித் திரும்பிப் போனவள் நான். உள்ளே போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது, கேட்டால் இதுகூடத் தெரியாமலா சட்டம் படிக்க வந்தாய் என்று நினைப்பார்களோ என்ற பயம் வேறு. அந்தப் பயத்தால் எனக்குப் போனது 19 நாளும் 16,320 ரூபாவும். கணக்குக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அதனால் தொகை சரியாகத் தெரியும். காசைவிட, எல்லோருக்கும் முன்னால் வாயடைத்து நின்ற அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இது ஒன்றும் நடந்திராது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் வருடத்தின் இரண்டாம் அரையாண்டில் எங்களுக்குள்ளேயே ஒரு மாதிரி நீதிமன்றப் போட்டி வைத்தார்கள். மூட் என்றுதான் சொல்வோம். கொடுத்த வழக்கு இது: யாழ்ப்பாணத்துத் தம்பதி, 1960களில் கலியாணம். கணவன் தன் சம்பளக் காசில் திருநெல்வேலியில் ஒரு காணி வாங்கித் தன் பெயரில் உறுதி முடிக்கிறான். பிறகு மனைவியிடம் ஒரு சொல்லும் கேட்காமல் முழுக் காணியையும் இன்னொருவருக்கு விற்றுவிடுகிறான். பாதி எனக்குச் சொந்தம், அதை விற்க அவருக்கு உரிமை இல்லை என்று மனைவி வழக்குப் போடுகிறாள். நான் மனைவிக்காகப் பேச வேண்டும். பார்த்ததுமே எனக்கு நிம்மதி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைதானே! ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார், ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் விரிவுரையில் படித்தாயிற்று. முதுசம் (வழிவழி வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் எல்லாம் அம்மம்மா வாயில் கேட்டு வளர்ந்த சொற்கள். உறுதியும் சீதனமும் கதைக்காத வீடு எங்கள் ஊரில் உண்டா? கலியாணத்துக்குப் பிறகு தேடினது, அதாவது தேடியதேட்டம், இரண்டு பேருக்கும் பொது என்று அம்மம்மா சொல்வார். வழக்கு அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

முதல் வேலையாக வட்ஸ்அப் குழுவில் கேட்டேன். சீனியர் அண்ணா ஒருவர் ஒரு பீடிஎஃப் போட்டார்: யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம். நல்ல மனதோடுதான் தந்தார், அவருக்கும் அது யாரோ தந்தது. ஏதோ ஒரு பழைய புத்தகத்தைக் கைபேசியில் படம் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. எந்தப் புத்தகம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று அச்சடித்திருக்கும் வரி அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும். பக்கவாட்டில் இருந்த சிறிய எழுத்துக் குறிப்புகள் பாதிப் பாதிச் சொல்லாக நின்றன. நான் அதையெல்லாம் கவனிக்கவேயில்லை. 20ஆம் பிரிவு கண்ணில் பட்டதும் துள்ளிவிட்டேன். ஒவ்வொரு துணைவருடைய தேடியதேட்டமும் இருவருக்கும் பொதுவான சொத்து, ஒருவர் தேடி அவர் பெயரிலேயே வைத்திருந்தாலும் இருவருக்கும் சம உரிமை உண்டு என்று அங்கே இருந்தது. அம்மம்மா சொன்னது அப்படியே அச்சில். அந்தப் பிரிவைக் கையால் எழுதி மேசைக்கு மேல் ஒட்டி வைத்தேன்.

அடுத்து வழக்குத் தீர்ப்பு வேண்டும். விரிவுரைக் குறிப்பில் அவிச்சி செட்டியார் எதிர் இராசம்மா என்று ஒரு வழக்கு இருந்தது, 1933, 35 என்.எல்.ஆர். 313. என்.எல்.ஆர். என்றால் நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற பழைய வழக்கு அறிக்கைத் தொகுப்பு என்பது தெரியும், அது எங்கே கிடைக்கும் என்பது தெரியாது. ஏஐயிடமும் கேட்டுப் பார்த்தேன். அது மனைவிக்குச் சாதகமாக இன்னும் இரண்டு வழக்குகளை, பெயர், தொகுதி, பக்கம் எல்லாம் போட்டு அழகாகத் தந்தது. மூன்றையும் முழுதாகப் பார்க்க வேண்டும், இதெல்லாம் கொழும்பில்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. அம்மா சீட்டுக் காசில் எடுத்துத் தந்தார். இரவு பஸ் ஏறி விடிய வெள்ளவத்தையில் இறங்கி, மாமி வீட்டில் பையை வைத்துவிட்டு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு சட்ட நூலகத்தின் வாசலில், அங்கத்தவர் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, படிக்கும் இடத்திலிருந்து கடிதம் கொண்டு வந்தாயா என்று கேட்டார்கள். கடிதம் என்ற ஒன்று தேவை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அன்று முழுவதும் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, தேசவழமை பற்றிய ஒரு பழைய புத்தகத்தை 4,500 ரூபாவுக்கு வாங்கினேன். அடுத்த நாள் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் இரக்கப்பட்டுத் தன் அலுவலகத்தில் இருந்த என்.எல்.ஆர். தொகுதிகளைப் பார்க்க விட்டார். 35ஆம் தொகுதியில் 313ஆம் பக்கத்தில் அவிச்சி செட்டியார் வழக்கு இருந்தது. ஏஐ தந்த முதல் வழக்கின் பக்கத்தைத் திறந்தால் அங்கே ஒரு வாடகை வழக்கின் நடுப்பகுதி. இரண்டாவதற்கும் அதே கதி, அந்தப் பெயரில் அந்தத் தொகுதியில் வழக்கே இல்லை, பொருளடக்கத்தை மூன்று தரம் பார்த்தேன். போய்வர பஸ்ஸுக்கு 6,400, ஓட்டோவுக்கு 2,300, அங்கேயும் இங்கேயும் போட்டோக்கொப்பி 312 பக்கம், பக்கம் பத்து ரூபாப்படி 3,120. நான்கு நாள் விரிவுரையும் போனது.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். நான் கொழும்புவரை போய்ப் பார்த்த அந்த 35ஆம் தொகுதி, நான் படியேறாமல் திரும்பிய நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில், சன்னலோர இறாக்கையில், கீழிருந்து இரண்டாவது தட்டில் இருந்தது. அதைப் பிறகு கையில் எடுத்தபோது பழைய தோல் அட்டையின் செம்பழுப்புத் தூள் விரலெல்லாம் ஒட்டியது. அழுகை வந்துவிட்டது. உசாத்துணைப் புத்தகங்கள் இரவலாக வெளியே போகாது, அதனால் அவை எப்போதும் அங்கேதான் இருக்கும், இதுதான் அந்தப் பகுதியின் பெரிய வசதி. ஆகவே எங்கேயும் பயணம் போக முன்னர் உங்கள் நூலகப் பட்டியலில் தேடுங்கள், கணினியில் தேடிக் கிடைக்காவிட்டால் இல்லை என்று நினைக்காதீர்கள், வழக்கு அறிக்கைகள் ஒவ்வொரு வழக்கின் பெயரிலும் பட்டியலில் வராது, தொகுப்பின் பெயரில்தான் வரும். அவிச்சி செட்டியார் என்று தேடினால் ஒன்றும் வராது, நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்று தேட வேண்டும். பொருள்வாரியாக எண் போடும் டூயி முறையில் அடுக்கும் நூலகம் என்றால் சட்டம் 340இல் தொடங்கும், அந்த இறாக்கையை ஒருநாள் சும்மாவே ஒரு சுற்று நடந்து பாருங்கள். உண்மையிலேயே வேறு நூலகத்துக்குப் போக வேண்டி வந்தால், முதலில் உங்கள் நூலகரிடம் அறிமுகக் கடிதம் வாங்குங்கள், போகுமிடத்துக்கு ஒரு கோல் எடுத்து நேரத்தையும் நிபந்தனையையும் கேளுங்கள். பல சமயம் போகவே தேவையிருக்காது, நூலகத்துக்கு நூலகம் இரவல் வாங்கும் ஏற்பாடோ, வேண்டிய பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து அனுப்பும் ஏற்பாடோ இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

சரி, ஊர் திரும்பி அந்த 312 பக்கத்தையும் வைத்துக்கொண்டு இரவிரவாக எழுதினேன். இங்கே இன்னொரு பிழை விட்டேன். என்.எல்.ஆரில் ஒரு வழக்கு எப்படி அச்சாகியிருக்கும் என்று எனக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. முதலில் வழக்கின் பெயர், பிறகு சிறிய எழுத்தில் தலைக்குறிப்பு, அது அறிக்கையைத் தொகுத்தவர் எழுதியது, நீதியரசர் எழுதியதல்ல. அதற்குக் கீழே இரண்டு பக்கச் சட்டத்தரணிகளின் பெயர்கள், பல வழக்குகளில் அவர்களின் வாதச் சுருக்கமும் இருக்கும். அதற்குப் பிறகு பெரும்பாலும் க்யூர் அட்வ் வல்ட் என்று லத்தீனில் சுருக்கமாக ஒரு வரி வரும், தீர்ப்பை ஒத்திவைத்தார்கள் என்று அர்த்தம். அதற்குக் கீழே திகதியும் நீதியரசரின் பெயரும் வரும், தீர்ப்பு அங்கேதான் தொடங்குகிறது. நான் வேறொரு வழக்கில், இந்த வரிக்கு மேலே இருந்த ஒரு அருமையான பந்தியை நீதிமன்றம் சொன்னது என்று மேற்கோள் காட்டியிருந்தேன். அது தோற்ற பக்கத்துச் சட்டத்தரணியின் வாதம். தயவுசெய்து முதல் வேலையாக ஒரு தொகுதியைத் திறந்து, அந்த லத்தீன் வரி எங்கே இருக்கிறது என்று பென்சில் நுனியால் தொட்டுப் பாருங்கள் (பென்சிலால் கீறாதீர்கள், அது எல்லோருடைய புத்தகம்). அதற்கு மேலே உள்ள எதையும் தீர்ப்பு என்று எழுதக்கூடாது.

போட்டி நாள். நடுவராக வந்தவர் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் நீண்டகாலம் தொழில் செய்யும் ஒரு சட்டத்தரணி. நான் எழும்பி நன்றாகத்தான் தொடங்கினேன். 20ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொன்னேன், 1933ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொன்னேன், காணி வாங்கிய கணமே பாதி மனைவிக்குப் போய்விட்டது, இல்லாத பாதியைக் கணவன் விற்க முடியாது என்று முடிக்கப் போனேன். அவர் கையைத் தூக்கினார். கோபமே இல்லை, சாந்தமாகக் கேட்டார்: "பிள்ளை, நீர் இப்ப வாசிச்ச இருபதாம் பிரிவு எந்த ஆண்டுப் பிரிவு?" எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. 1911 சேர் என்றேன். "ஓம், 1911. காணி வாங்கினது எப்ப?" 1960களில் என்றேன். "அந்த நேரம் இந்தப் பிரிவு இருந்ததோ எண்டு பாத்தனீரோ?" நான் தாளைப் புரட்டினேன், அடுத்த தாளைப் புரட்டினேன், மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் எழும்பி, 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தக் கட்டளைச் சட்டம் 19ஆம், 20ஆம் பிரிவுகளை நீக்கி அந்த இடத்தில் புதிய பிரிவுகளைப் போட்டுவிட்டது என்று சொல்லி, புதிய 20ஆம் பிரிவை வாசித்தான். துணைவரில் ஒருவர் இறக்கும்போது, அவர் உயிலாலோ வேறு விதமாகவோ கைமாற்றாமல் விட்ட தேடியதேட்டத்தில் பாதி மற்றவருக்கு, மீதிப் பாதி இறந்தவரின் உரித்தாளர்களுக்கு. வாங்கிய கணத்தில் இருவருக்கும் பொது என்ற பேச்சு அதில் இல்லை. நான் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருந்தது 1947இல் செத்துப்போன பிரிவு.

மனைவிக்காகப் பேச இடமே இல்லாமல் போயிற்று என்று நினைக்காதீர்கள், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தத் திருத்தத்தின் விளைவு என்ன என்ற கேள்வி உயர் நீதிமன்றத்துக்கே திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. 1954இல் குமாரசுவாமி எதிர் சுப்பிரமணியம், 56 என்.எல்.ஆர். 44. 1986இல் மாணிக்கவாசகர் எதிர் கந்தசாமி, ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் அந்த ஆண்டின் 2ஆம் தொகுதி, 8ஆம் பக்கம். இரண்டையும் எடுத்து வைத்து வாசித்துவிட்டு நின்றிருந்தால், தோற்றாலும் சட்டம் தெரிந்தவளாகத் தோற்றிருப்பேன். அந்த இரண்டும் எனக்கு எதிராகவா சார்பாகவா என்பது இங்கே பெரிதல்ல, அவை இருக்கின்றன என்பதே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை நூலகத்துக்குப் போனேன், இந்த முறை படியேறினேன். உசாத்துணைப் பகுதியில் இருந்த நூலகர் அக்காவிடம் நடந்ததைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. அவர் எழும்பி வந்து, "இதுக்கேன் பிள்ளை கொழும்புக்குப் போனனீர், இஞ்ச வந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, இலங்கைச் சட்டங்களின் 1956ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் ஒரு தொகுதியை எடுத்து 58ஆம் அத்தியாயத்தை (அந்தப் பதிப்பில் இந்தச் சட்டத்துக்கு உரிய எண் அது) திறந்து வைத்தார். சட்டத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இரண்டே இரண்டு இலக்கங்கள்: 1911இன் 1, 1947இன் 58. கீழே 19ஆம், 20ஆம் பிரிவுகளின் ஓரத்திலும் அதே 1947இன் 58 என்ற குறிப்பு. என்னுடைய பீடிஎஃப்பில் வெட்டுப்பட்ட ஓரம் நினைவிருக்கிறதா? அது திருத்தத்துக்கு முந்திய பதிப்பு, 1938இல் வந்த தொகுப்பாக இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். பத்தொன்பது நாள் என்னை அலைக்கழித்த விடயத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.

அன்று அவர் காட்டித் தந்த வழியைத்தான் நான் இன்றுவரை பின்பற்றுகிறேன். முதலில் சம்பவங்களின் திகதியைத் தாளில் எழுதுவது: கலியாணம் எப்போது, வாங்கியது எப்போது, விற்றது எப்போது, யாரும் இறந்தார்களா, எப்போது. பிறகு அந்தத் திகதியில் நடைமுறையில் இருந்த சட்டவாசகத்தை எடுப்பது. அதற்கு, திருத்திய பதிப்பு ஒன்றில் தொடங்கி, 1956 அல்லது 1980, அதற்குப் பின்னால் வந்த ஆண்டுச் சட்டத் தொகுதிகளின் பொருளடக்கத்தில் அந்தச் சட்டத்தின் பெயர் திரும்ப வருகிறதா என்று ஆண்டு ஆண்டாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகாது. அத்தியாய எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆகவே அத்தியாய எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள், ஆண்டும் இலக்கமும் கட்டாயம். அதற்குப் பிறகுதான் வழக்குகள். ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது, அது எந்த வாசகத்துக்குக் கொடுத்த பொருள் என்று பக்கத்தில் எழுதுங்கள். 1933ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1947இல் வந்த வாசகத்தைப் பற்றிப் பேசியிருக்க முடியாது, இதைச் சொல்லிக் கேட்கும்போது எல்லோருக்கும் தெரிந்தது போலத்தான் இருக்கும், அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

வழக்குக் குறியீடுகளை வாசிக்கவும் அவர்தான் பழக்கினார். என்.எல்.ஆர். மொத்தம் 80 தொகுதி, ஒன்றிலிருந்து எண்பது வரை தொடர் எண். ஆகவே 35 என்றால் முப்பத்தைந்தாம் தொகுதி, நேரே போய் எடுக்கலாம். 1978இலிருந்து வரும் ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் அப்படியல்ல, ஒவ்வோர் ஆண்டும் தொகுதி எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே 2ஆம் தொகுதி என்று மட்டும் எழுதி வந்தால் இறாக்கை முன்னால் நின்று தவிக்க வேண்டியதுதான், ஆண்டு இல்லாமல் அது ஒன்றுக்கும் உதவாது. என் அணியில் பாதிப்பேர் ஆண்டை விட்டுவிட்டு எழுதி வந்து திரும்ப விரிவுரைக் குறிப்பைத் தேடி ஓடுவதை இன்றும் பார்க்கிறேன். இவை தவிர சிலோன் லோ வீக்லி மாதிரிப் பழைய தொகுப்புகளும் உண்டு, என்.எல்.ஆரில் வராத வழக்கு சில நேரம் அங்கே அகப்படும்.

இணையத்தில் தேடுவது பற்றி ஒரு விடயம், இதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்தான் நன்றாக விளங்கிக்கொள்வீர்கள். எங்கள் சொற்களையும் பெயர்களையும் வெள்ளைக்காரக் காலத்து எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள், ஒரே சொல் நான்கைந்து விதமாக நிற்கிறது. தேசவழமை என்ற சொல்லை முதல் எழுத்துக்குப் பின்னால் எச் போட்டும் தேட வேண்டும், போடாமலும் தேட வேண்டும், கடைசியில் ஏஐ என்றும் பார்க்க வேண்டும், ஈஐ என்றும் பார்க்க வேண்டும். தேடியதேட்டம் இன்னும் மோசம், நடுவில் டி ஒன்றா இரண்டா, எச் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு தீர்ப்பிலும் ஒவ்வொரு மாதிரி. குமாரசுவாமி என்ற பெயர் கே எழுத்திலும் இருக்கும், சீ எழுத்திலும் இருக்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டால் பாதி வழக்குகளைத் தவறவிடுவீர்கள். நான் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ட எழுத்துக்கூட்டல்களை எல்லாம் எழுதி வருகிறேன், தேடியதேட்டத்துக்கு மட்டும் இப்போது ஏழு சேர்ந்திருக்கிறது. பழைய வழக்கு அறிக்கைகளுக்கு லோநெற் தளம், சட்டங்களுக்கும் தீர்ப்புகளுக்கும் கொமன்லீ, புதிய தீர்ப்புகளுக்கு உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தளங்கள், புதிய சட்டங்களுக்கும் ஹன்சாட் என்ற விவாதப் பதிவுக்கும் பாராளுமன்றத் தளம், எல்லாம் இலவசம். ஒரு பழைய வழக்கைப் பின்னால் வந்த நீதிமன்றங்கள் ஏற்றனவா தள்ளினவா என்று அறிய, அதன் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு இந்தத் தளங்களில் தேடுங்கள், அதை எடுத்துப் பேசிய தீர்ப்புகள் வரும். ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், தொகுத்த சட்டவாசகம் எதுவாக இருந்தாலும் எந்த ஆண்டு வரையான திருத்தங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன என்று பாராமல் நம்பாதீர்கள். ஏஐயிடம் ஒரு கோட்பாட்டை விளக்கச் சொல்லிக் கேட்பதில் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் அது தரும் வழக்கை இறாக்கையிலோ தளத்திலோ கண்ணால் காணாமல் தாளில் எழுதாதீர்கள்.

ஆங்கிலம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இறாக்கைப் பக்கம் போகாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான், வெளியே சொல்ல வெட்கம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு 1930களின் ஆங்கிலத் தீர்ப்பைத் திறந்தால் ஒரு வாக்கியம் பத்து வரி ஓடும், எனக்கு முதல் தீர்ப்பை வாசித்து முடிக்க இரண்டு நாள் எடுத்தது. அக்கா சொன்ன உபாயம் உதவியது: முதலில் தலைக்குறிப்பை வாசித்துக் கதையைப் பிடி, பிறகு கடைசிப் பந்திக்குப் போய் யார் வென்றது என்று பார், அதற்குப் பிறகு தொடக்கத்திலிருந்து வா. மேற்கோள் காட்டுவது தீர்ப்பிலிருந்து மட்டும், தலைக்குறிப்பு வழிகாட்டிதான். தேசவழமைக்கு எச்.டபிள்யூ. தம்பையாவின் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வழக்குகளின் தொடர்ச்சி விளங்கும், ஆனால் அவர் எழுதிய காலத்துக்குப் பிறகு வந்த தீர்ப்புகள் அதில் இராது என்பதை நினைவில் வையுங்கள். தமிழில் பழைய ஊர்ப் பிரசுரங்கள், மலர்கள் தேவைப்பட்டால் 'நூலகம்' என்ற பெயரில் இணையத்தில் உள்ள எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் போங்கள். 1981இல் எரித்தபோது 97,000 நூல்கள் அங்கே போயின. அதில் எங்கள் காணி வழக்கங்களைப் பற்றி என்னென்ன இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும், அதனால்தான் இருக்கிற புத்தகத்தின் பக்கத்தைக் கிழிப்பவர்களையும், மற்றவர் எடுக்காதபடி வேறு இறாக்கையில் ஒளித்து வைப்பவர்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. போட்டிக் காலத்தில் அதுவும் நடக்கிறது.

நூலகத்தில் புது மாணவருக்கு ஒரு அறிமுக வகுப்பு வைப்பார்கள். என் அணியில் வருகைப் பதிவு இல்லை என்று முக்கால்வாசிப் பேர் போகவில்லை, நானும் போகவில்லை. அதில் பட்டியலில் தேடுவது, இறாக்கை ஒழுங்கு, இரவல் விதிகள், தாமதக் கட்டணம் எல்லாம் காட்டுவார்கள், அதைவிட முக்கியம், எந்த மேசையில் இருப்பவரிடம் என்ன கேட்கலாம் என்று முகம் பழகும். வகுப்பைத் தவறவிட்டால் நான்கைந்து பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள், எங்களுக்கு ஒருமுறை காட்டுவீர்களா என்று. அக்கா அப்படிக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியதை நான் கண்டதில்லை. கேட்கும்போது, தேசவழமை பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்காமல், என்ன பிரச்சினை, இதுவரை எங்கெங்கே பார்த்தீர்கள், எதில் முட்டி நிற்கிறீர்கள் என்று மூன்றையும் சொன்னால் அவர்களுக்கும் வேலை சுலபம். பார்த்த இடங்களைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள், ஒன்றும் கிடைக்காத இடங்களையும் சேர்த்து. இல்லாவிட்டால் இரண்டு கிழமை கழித்து அதே தொகுதியைத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த 4,500 ரூபாப் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை, உசாத்துணைப் பகுதிக்குக் கொடுத்துவிட்டேன். என் 35ஆம் தொகுதிப் பிரதியில் முதல் தாளின் மேல் ஓரத்தில், 1947இன் 58ஐப் பார், 56 என்.எல்.ஆர். 44ஐப் பார், 1986ஐப் பார் என்று சிவப்பில் எழுதி, கேட்கிற தங்கச்சிமாருக்குக் கொடுத்து வருகிறேன். போகும்போது மாணவர் அடையாள அட்டையை மறக்காதீர்கள். பையை வாசலில் வைக்கச் சொல்வார்கள், ஆகவே கொப்பியையும் பென்சிலையும் முதலே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போவது நல்லது, பின்னேரம் ஆனால் சன்னலோர மேசைகள் நிறைந்துவிடும்.